அறுபத்தொரு பேர்

இந்த நாட்டில் கேட்டால் கொடுத்துவிடுவார்கள்.
யார் யார் விண்ணப்பித்தார்கள்,
யாரை எதற்கு ஒதுக்கினார்கள்,
எல்லாம் பொது ஆவணம்.
உப்சாலாவின் பதிவாளர் இங்கெயெர்டு
ஏன் என்றுகூடக் கேட்கவில்லை.
மதியம் மூன்றுக்குக் கோப்பு வந்தபோது
ஊமெயோவில் இருட்டிவிட்டிருந்தது.

அறுபத்தொரு பேர்.
ஒரு மேசை, இரண்டு வருடம்.

முப்பத்தேழாம் ஆள் முனைவர் பட்டம் வாங்கி
மூன்று வருடமும் பதினொரு நாளும் ஆகிவிட்டது.
படிக்காமலே வெளியே.
எனக்கு அந்தத் தொல்லை இல்லை.
சிக்ஸ்டன் பிறந்து நான் வீட்டிலிருந்த ஒன்பது மாதத்தை
அரசாங்கமே கழித்துக்கொண்டது.
பிள்ளைக்கு நான் பட்ட கடனில்
எழுத்தில் இருப்பது அது ஒன்றுதான்.

நான் இரண்டாவது.
"முறைகளில் உறுதி, கேள்வியில் தயக்கம்"
என்கிறார் ஆர்ஹூஸிலிருந்து ஒரு நிபுணர்.
ஏரிச் சேற்றைத் துளைத்து எடுத்து,
கறுப்பு வரி ஒரு குளிர்காலம்
வெளிர் வரி ஒரு கோடை என்று
எட்டாயிரம் ஆண்டை எண்ணியவளுக்கு
வேறென்ன வரும், ஐயா?

மேல்முறையீட்டுக்கு மூன்று வாரம்.

முதலாமவள் மதாரா க்ளாவின்யா, ரீகாக்காரி.
பிள்ளை தூங்கிய பிறகு
கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு
அவளுடைய நாற்பது பக்கத்தில் குற்றம் தேடினேன்.
பதினான்காம் பக்கத்தில் ஓர் ஏரியின் பெயரில்
எழுத்து மாறியிருந்தது.
அவ்வளவுதான்.
இருபத்திரண்டாம் பக்கத்தில் ஒரு கேள்வி.
எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து
மறுபடி படித்தேன்.
நான் கேட்டிருக்க வேண்டியது.

கடைசி நாள், காபி அறையில்
"எழுதிப் போட்டாயா?" என்றான் ஸ்தூரே.
தட்டில் ஒரே ஓர் ஏலக்காய் ரொட்டி.
அதைப் பாதியாக வெட்டினான்,
அந்தப் பாதியை இன்னொரு பாதியாக.
இங்கே கடைசித் துண்டை
யாரும் எடுப்பதில்லை.
இல்லை என்று தலையாட்டினேன்.
மீதியை நான் எடுத்துத் தின்றேன்.

மாலையில் ரீகாவிலிருந்து ஒரு மின்னஞ்சல்.
அவளும் கேட்டு வாங்கியிருக்கிறாள்.
"உங்கள் ஒன்பதாம் பக்கம்:
வரி மங்கிப்போன இடத்தில் எப்படி எண்ணினீர்கள்?
எனக்கு அங்கேதான் கணக்கு தவறிப்போகிறது."

வெளியே யாரோ காரின் மேல்
பனி சுரண்டிக்கொண்டிருந்தார்கள்.
மூன்று வரியில் முடித்துவிடலாமென்று
உட்கார்ந்தேன்.
ஆறாம் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது.