கிளட்ச் வரும் வரை

எனக்கு உயிர்த்த ஞாயிறு முடிந்து ஐந்து வாரம் ஆகிவிட்டது.
அன்று பல்கேரிய எல்லையில் வரிசையில் நின்றேன்,
முன்னால் எழுபது லாரி, பின்னால் எத்தனையோ.
பெட்ரோல் பங்கில் வாங்கிய அவித்த முட்டையை
ஸ்டியரிங்கில் தட்டி உடைத்தேன்.
அவ்வளவுதான் அல்லேலூயா.

இது அடுத்த நடை.
ஜார்ஜியாவில், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே
ஓர் ஏற்றத்தில் கிளட்ச் கருகி
வண்டி படுத்துக்கொண்டது.
மெக்கானிக் ஓத்தர் அடியில் புகுந்து பார்த்துவிட்டு
கிரீஸ் விரல்களை விரித்துக் காட்டினார்: நாலு நாள்.
நாளை பெரிய வெள்ளி, கடை கிடையாது.
"கிறிஸ்து சாகப் போகிறார்" என்றார் ரஷ்ய மொழியில்,
உதிரிபாகம் எவன் அனுப்புவான் என்கிற தொனியில்.

மறுபடியுமா, என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் வீட்டு அடுப்பில் மஞ்சிட்டி வேர் கொதித்தது.
மக்வாலா முட்டைகளை முக்கி முக்கி எடுத்தாள்,
ஒரே சிவப்பு, பூ இல்லை, கோடு இல்லை.
லிதுவேனியாவில் நாங்கள் வெங்காயச் சருகில் வேகவைத்து
கத்தி முனையால் சூரியன் கீறுவோம் என்றேன்.
"சூரியன் எதற்கு? இது இரத்தம்."
எனக்குக் கொஞ்சம் ரோஷம் வந்தது.
ஜன்னலோரத் தட்டில் முளைப்பாரி போல
கோதுமை ஒரு சாண் வளர்ந்து நின்றது.
சிவப்பை அதன் நடுவில் வைத்தாள்.
சரி, அழகுதான்.

கோவிலில் பெஞ்சு இல்லை. ஆர்கன் இல்லை.
நாளெல்லாம் உட்கார்ந்தே பிழைக்கிறவன்
நாலு மணி நேரம் நின்றேன்.
மூன்று ஆண்கள் பாடினார்கள்.
ஒருவன் ஏறினான், ஒருவன் இறங்கினான்,
மூன்றாமவன் நின்ற இடத்திலேயே நின்றான்,
எஞ்சின் அணைக்காத வண்டி மாதிரி.
பழக்கத்தில் முழங்காலிட்டேன்; நான் ஒருவன்தான்.
பக்கத்துப் பையன் மெழுகுவர்த்தியோடு குனிந்து
தரையில் எனக்காக எதையோ தேடினான்.

சிலுவை போடும்போது
என் கை இடத்தோளிலிருந்து வலத்துக்குப் போக
அவர்கள் கை வலத்திலிருந்து இடத்துக்கு வந்தது:
குறுகிய பாலத்தில் எதிரெதிரே இரண்டு லாரி
விளக்கைத் தணித்து வழிவிடுவது போல.
சுவரில் இருந்ததோ திராட்சைக் கொடியால் கட்டிய சிலுவை.
இரண்டு கையும் கீழே தொங்க,
இறக்கு கூலி முடித்தவன் போல இருந்தது.

திங்கட்கிழமை, கல்லறைத் தோட்டம்.
ரொட்டி, பாலாடைக்கட்டி, ஒரு குடம் வைன்.
எங்கள் ஊரில் முட்டையைச் சரிவில் உருட்டுவது பந்தயம்,
என் முட்டை உன் முட்டையை இடித்தால் உன்னுடையது எனக்கு.
ஓத்தர் தம்பியின் மண்மேட்டில் உருட்டினார்.
"தெமூர், கிறிஸ்து உயிர்த்துவிட்டார்" என்றார்,
கிரிக்கெட் ஸ்கோர் அல்ல, மழை வந்த செய்தி சொல்வது போல.
முட்டை புல்லில் போய் நின்றது.
யாரும் ஜெயிக்கவில்லை.

பிறகு என்னைப் பார்த்து, "உன் அப்பா பெயர்?"
"ப்ரோனியுஸ்."
எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.
"ப்ரோனியுஸின் பாவங்கள் மன்னிக்கப்படட்டும்."
மண்ணில் வைன் விழுந்தது.
அவர் உயிரோடு இருக்கிறார் என்று
என் அரைகுறை ரஷ்ய மொழி வாக்கியம் கட்டுவதற்குள்
இரண்டாவது குவளையும் விழுந்தது.
நிலம் விற்ற தகராறு, இரண்டு வருடம் பேச்சில்லை,
அதையெல்லாம் விளக்குவதைவிட
குடிப்பது சுலபமாக இருந்தது.

இரவு, லாரியின் படுக்கையில், நெஞ்சு பதறியது.
எண்ணை அழுத்தினேன்.
ஆறாவது மணியில் எடுத்தார். இருமல். பின்னால் நாய்.
"யார்?"
"கிறிஸ்து உயிர்த்தார், அப்பா."
நாய் மட்டும் பேசியது.
"அது நடந்து ஐந்து வாரம் ஆகிறது.
உனக்கு இப்போதுதான் தெரியுமா?"
"கிளட்ச் போய்விட்டது" என்றேன்.
நாற்காலி இழுபடும் சத்தம்.
"ஏற்றத்திலா?" என்றார்.
"எந்த கியரில் போனாய்?"