துரத்தும் வரை

பகலெல்லாம் மெழுகில் பல் செதுக்குகிறேன்,
முகம் தெரியாத ஒருவரின் கீழ்த்தாடைக்கு,
அவர் மெல்லப்போகும் ரொட்டிக்கு.
மாலையில் வீடு திரும்பினால்
கொல்லையில் மூன்று பெட்டிகள்.
அதே மெழுகில்
என்னைவிடத் திருத்தமாக வேலை செய்பவர்கள்.
கூலி கேட்பதில்லை.
கொட்டுவார்கள், அவ்வளவுதான்.

முதல் வருடம் ஒரு பெட்டியைக் கொன்றேன்.
பனிக்காலத்தில் நாள் தவறாமல்
மூடியைத் திறந்து நலம் விசாரித்தேன்.
அன்பு என்றுதான் நினைத்தேன், உள்ளே போனது குளிர்.
இப்போது காதை வைத்துக் கேட்பதோடு சரி.

ஆப்பிள் பூ உதிர்ந்து முடிந்த வாரம், சனிக்கிழமை.
துணி உலர்த்திக்கொண்டிருந்தேன்.
முதலில் சத்தம்,
தூரத்தில் லாரி மேடேறுவது போல.
பிறகு இரண்டாம் பெட்டியின் வாசலில்
மூட்டை அவிழ்ந்து தானியம் கொட்டியது,
மேல்நோக்கி.

எங்கள் நாட்டுச் சட்டத்தில்
தேனீக்கென்று தனிப் பிரிவுகள் உண்டு.
பறந்த கூட்டத்தை உடனே துரத்தினால்
அது உன்னுடையது.
அடுத்தவர் நிலத்தில் நுழையலாம்,
உடைத்ததற்குப் பணம் கட்ட வேண்டும்.
துரத்துவதை நிறுத்திய கணத்தில்
அது யாருடையதும் அல்ல.
(வேறு எதைப் பற்றியும் சட்டம்
இத்தனை தெளிவாகப் பேசி
நான் கேட்டதில்லை.)

ஈரத் துண்டு தோளில் கிடக்க ஓடினேன்,
கண் வானத்தில்,
கால் எங்கேயோ.
வேலி.
அதற்கு அப்பால் ஓர்ட்டெல்.

மூன்று வருடமாகப் பேச்சில்லை.
என் பிர்ச் மரம், அவருடைய கூரைக் குழாய்,
ஒரு வக்கீல் கடிதம்.
அதில் என் பெயரையே தப்பாக எழுதியிருந்தார்கள்.
ஹைட்ரூன் என்பதில்
அப்படி என்ன கஷ்டம்?

வேலியருகே நின்றேன்.
நின்றால் நிறுத்தியதாகுமா?
அதற்குப் பிரிவு நினைவில்லை.
ஒரு காலைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தேன்.
கண்ணாடி.
அவருடைய வெள்ளரி நாற்றுப் பெட்டியின் மூடி.
இரண்டாவது காலுக்கும் ஒன்று.

அவருடைய ப்ளம் மரத்தில், தாழ்ந்த கிளையில்
கூட்டம் ஒரு தாடியாகத் தொங்கியது.
ஓர்ட்டெல் வெளியே வந்தார்,
பாதிக் கன்னத்தில் சவர நுரையோடு.
மரத்தைப் பார்த்தார். கண்ணாடியைப் பார்த்தார்.
என் கெண்டைக்காலில் வழிவதைப் பார்த்தார்.
உள்ளே போய்விட்டார்.
போலீஸுக்குத்தான் என்று நினைத்தேன்.

ஏணியோடு வந்தார்.
வாழைப்பழம் வந்த அட்டைப்பெட்டி ஒன்றும்.
நான் ஏற, அவர் பிடித்துக்கொண்டார்.
கிளையை ஒரே உலுக்கு.
நனைந்த கோட்டு தரையில் விழும் சத்தம்.
அவர் அசையவில்லை.
நுரையில் ஒரு தேனீ ஒட்டிக்கொண்டு
கால் உதறியது.

ராணியின் முதுகில் வெள்ளைப் புள்ளி,
பல்லுக்கு நிறம் தீட்டும் தூரிகையால்
நானே இட்டது.
தேடினேன், தெரியவில்லை.
ஆனால் பெட்டியின் விளிம்பில்
நாலைந்து தேனீக்கள் பின்புறம் தூக்கிச்
சிறகால் விசிறத் தொடங்கின.
அவள் உள்ளேதான் இருக்கிறாள்.

தேனெடுத்தவள் புறங்கை என்பார்களே,
நக்கிப் பார்த்தேன்.
உப்பு.

ரசீது திங்கட்கிழமை வந்தது:
கண்ணாடி இரண்டு, முப்பத்தெட்டு யூரோ.
என் பெயரில் பிழையில்லை.

ஆனால் அதற்கு முன்பே,
அந்தச் சனி இரவு பத்து மணிக்கு,
தொலைபேசி.
வணக்கம் இல்லை, யாரென்றும் சொல்லவில்லை.
'கிளையில் இன்னும் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள்.
வெளியே குளிர்கிறது.'

பேர் என்றார்.

கோட்டை மாட்டிக்கொண்டு,
காலி டப்பா ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன்,
இம்முறை தெருவைச் சுற்றி,
வாசல் வழியாக.