பத்து டிகிரி

ஜக்கூர். மே மாதம், பிற்பகல் இரண்டரை.
கடலுக்கு மூவாயிரம் அடி மேலே
ஏற்கெனவே ஏறி நிற்கிற ஓடுபாதை.
காற்று இளைத்துக் கிடக்கிறது.

ஃபிளாப் வேண்டாம்,
ஏற்றம் குறையும் என்கிறான் பொன்னப்பா.
விமானத்தில் பாதி அவனுடையது.
என் பாதி
நெம்புகோலைப் பத்துக்குத் தள்ளுகிறது.

மூட்டை தூக்குமுன் முதுகு வளைவதுபோல்
இறக்கையின் பின்விளிம்பு
கொஞ்சம் குனிகிறது.

ஐம்பதில் சக்கரங்கள் பேச்சை நிறுத்துகின்றன.
எதிரே மேம்பாலம், அதில் ஒரு தண்ணீர் லாரி,
ஓட்டுநர் தோளில் பச்சைத் துண்டு,
அதுவரை தெரிகிறது.
ஏறுகிறோம்,
வட்டி மட்டும் கட்டுகிறவன் கடன் அடைவதுபோல.

பாலம் தாண்டி, வேகம் சேர்ந்ததும்
ஃபிளாப்பை மடக்குகிறேன்.
ஒரு தொய்வு.
முள்ளுக்கு முன்னால் வயிற்றுக்குத் தெரிகிறது.

பொன்னப்பா ஒன்றும் சொல்லவில்லை.
அவன் கை மட்டும்
இருக்கை விளிம்பிலேயே இருக்கிறது,
ஹெப்பாள ஏரி வரை.