முதல் வியாழன்

மாதத்தின் முதல் வியாழன்.
மருந்துக்கடையில் எனக்கு அன்றுதான் விடுப்பு.

மைதானத்துச் சந்திப்பில் தொடங்குவேன்.
வேலமரத்து உச்சியில் மராபு நாரைகள்
சம்பளம் வராத குமாஸ்தாக்களைப் போல
கழுத்தை உள்ளிழுத்து நிற்கின்றன.
கீழே நடைபாதை முழுக்க எச்சத்தின் சுண்ணாம்பு.
நாரைகளுக்குப் பின்னால்
மூன்று கிரேன்கள்.
போன மாதம் நான்கு.

அப்பர் ஹில் ஏற்றம், மூச்சு வாங்குகிறது.
பதினெட்டாம் தளம்வரை கண்ணாடி பதித்துவிட்டார்கள்.
அதற்குமேல் பச்சை வலை;
காற்று உள்ளே புகுந்து வயிறு பெருத்திருக்கிறது.
பக்கத்து மனைச் சுவரில்
அதிகாரிகள் போட்ட சிவப்புப் பெருக்கல் குறி.
குறிக்கு மேலே புதிதாய் இரண்டு மாடி.
எடுத்தேன்.

காவலாளி ஓடிவந்தான்.
'படம் எடுக்கக் கூடாது.'
கட்டடத்தைத்தானே எடுக்கிறேன் என்றேன்.
'கட்டடம்தான் கூடாது. என்னை எடு.'
சட்டைப் பித்தான்களைச் சரிசெய்துகொண்டு நின்றான்,
வஃபுலா என்று நெஞ்சில் பெயர் தைத்தவன்.
சிரித்து நழுவினேன்.
என் படங்களில் ஆட்கள் கிடையாது.
சிமெண்டுத் தட்டோடு எவராவது குறுக்கே வந்தால்
போகும்வரை காத்திருப்பேன்.

பிறகு இறக்கம், கிலிமானி.
இங்கே ஒரு விளக்குக் கம்பம் இருக்கிறது.
என் இடது தோள் அதில் உரசி நின்றால்
கோணம் அச்சு பிசகாது.
முப்பத்தொரு மாதம், முப்பத்தொரு படம்,
எல்லாம் இந்த ஒரே கார்டில்.
முதல் படத்தில் ஓட்டுவீடு, கதவருகே நாய்.
அடுத்ததில் கதவு மட்டும்.
பிறகு செம்மண் குழி,
குழியில் மழை, மழையில் தலைகீழாய் எதிர்வீடு.
ஒன்பதாவதில் கம்பிகள் தலைவிரித்து எழும்.
இன்று பதினான்கு மாடி.
முன்னால் தகரப் பலகையில் வரைந்த நீச்சல்குளத்தில்
இரண்டரை வருடமாய் ஒருத்தி
கால் நனைத்துக்கொண்டே இருக்கிறாள்.

அவள் முழங்காலுக்கு நேர் கீழே
கெருபோ அடுப்பு வைத்திருக்கிறாள்.
சோளமும் பீன்ஸும் சேர்த்து அவித்த கிதேரி,
தட்டு அறுபது ஷில்லிங்.
'படக்காரரே, பழசெல்லாம் வைத்திருக்கிறீரா?'

அவளுக்கு முத்தீசோ வேண்டும்.
கம்பி கட்டுகிறவன்.
பதினோராம் தளம் வார்த்த வாரம் காணாமல் போனவன்.
இருநூற்று நாற்பது பாக்கி.
முகம் காட்டினால்
வெஸ்ட்லண்ட்ஸில் புது சைட்டில் இருக்கும் தன் தம்பி
ஆளைப் பிடித்துவிடுவான் என்கிறாள்.

ஈரக்கையைப் பாவாடையில் துடைத்து
கேமராவை வாங்கிக்கொண்டாள்.
ஒவ்வொன்றாய்ப் பின்னால் தள்ளினோம்.
மாடிகள் குறைந்துகொண்டே போயின.
ஒரு முழங்கை.
ஏணியின் மேல்நுனியில் ஒரு குதிகால்.
வாளியைப் பிடித்த நிழல், வாளி இல்லை.
'எல்லோரும் எங்கே போனார்கள்?' என்றாள்.
காத்திருந்தேன் என்று
எப்படிச் சொல்வது?

இருபத்திரண்டாவதில் அவள் விரல் நின்றது.
தூணுக்குப் பின்னால் பாதி மறைந்த பூட்ஸ்,
கயிற்றுக்குப் பதில் நீல வயர்.
'இவன்தான்! நான்தான் அந்த வயரைக் கொடுத்தேன்.'
பெரிதாக்கினோம். பூட்ஸ் பெரிதானது.
முகம் தூணுக்குள்ளேயே இருந்தது.

பூட்ஸை வைத்து யாரைப் பிடிக்க?
அவளே சிரித்துவிட்டாள்.
பிறகு ஒரு தட்டு நிரப்பி நீட்டினாள்.
போனில்தான் பணம், போனில் சார்ஜ் இல்லை.
பரவாயில்லை என்று
எண்ணெய் ஊறிய நோட்டை எடுத்தாள்.

எட்டிப் பார்த்தேன்.
முத்தீசோ, 240.
செப்டோ, 60. அடித்திருக்கிறது.
குள்ள ஒச்சியெங், 120.
மேஸ்திரி, மீன் வேண்டாம்.
பக்கம் பக்கமாய், குழி தோண்டிய நாளிலிருந்து.
எடுக்கட்டுமா என்று கேட்டேன்.
'மழை வருமுன் எடும்.'

திரைக்குள் நோட்டு தெளிந்து வந்தபோது
அவள் கை குறுக்கே வந்தது, பேனாவோடு.
இந்த முறை நான் காத்திருக்கவில்லை.

என் பெயரை அவள் கேட்கவே இல்லை.
கடைசி வரியில் இருக்கிறேன்:
கேமரா, 60.