ஆறாவது விதி

மருத்துவர் பெரெங்குவேர் எழுதி அனுப்பிய ஆட்டுத்தோல்
மாவுப் பானைக்கு மேல் ஆணியில் தொங்குகிறது.
எனக்கு எழுத்தும் தெரியாது, லத்தீனும் தெரியாது.
எழுத்தர் போன்செட்தான் படித்துச் சொன்னான்,
கூலியாக ஒரு வாத்துக்காலைக் கடித்துக்கொண்டே.

முதலாவது காற்று.
ஒன்யார் ஆற்றுப் பக்கத்து ஜன்னலைச் சாத்து,
தோல் பதனிடும் நாற்றம் அந்த வழிதான் வரும்.
சாத்தினேன்.

உணவைப் பற்றித்தான் மனிதர் நீட்டி முழக்கியிருக்கிறார்.
பழைய பாலாடைக்கட்டி ஆகாது,
மாட்டிறைச்சி கரும்பித்தம் ஏற்றும்,
விலாங்கு மீன்
(போன்செட் எலும்பை வாயிலிருந்து எடுத்தான்)
குரலைக் கெடுக்கும், கபத்தைக் கட்டும்,
கனவிலும் வேண்டாம்.
சரி. கோழியை வாதுமைப் பாலில் வேகவைத்தேன்.
மதுவில் பாதிக்குப் பாதி தண்ணீர் விட்டேன்;
அவர் முகம் சுளித்ததை நான் பார்க்கவில்லை.

உலாவல், உறக்கம், வயிறு கழிதல்.
மதியம் அவர் கண் அயர்ந்தால்
படிக்கட்டில் ஒரு பாத்திரத்தை உருட்டிவிடுவேன்.

ஆறாவதற்கு ஒரே வரி.
துக்கத்தை விலக்கு, மிதமாய் மகிழ்ந்திரு.
மிதமாய் என்றால் எத்தனை கரண்டி என்று கேட்டேன்.
போன்செட் சிரித்தான்,
என் முந்தானையிலேயே கையைத் துடைத்தான்.

மருத்துவரே,
நாடி பிடித்தீர், நீர்க்குடுவையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தீர்,
எந்தக் கிரகத்தில் பிறந்தார் என்றுகூடக் கேட்டீர்.
பேராலயத்துக் குருவானவர் வீட்டில்
சின்னக் கட்டில் ஒன்று ஏன் என்று கேட்கவில்லை.

ஊருக்கு அவன் சமையல்காரி மகன்.
காதுகள் இரண்டும் அவருடையவை.
ஆறு வயது. காய்ச்சல் நான்கே நாள்.
அடக்கத்தில் அவர்தான் செபம் சொன்னார்.
குரல் உடையவேயில்லை,
எல்லோரும் மெச்சினார்கள்.

வனத்து அந்தோனியார் திருநாளுக்கு மறுநாள் அது.
நேற்று.
மீன்காரி சௌரினாவின் கூடையில் விலாங்கு நெளிந்தது.
முள் குறைவென்று வால்துண்டைத்தான் கேட்பான்.
பூண்டும் மிளகும் தட்டிப் போட்டேன்.
மதுவில் தண்ணீர் விடவில்லை.

அவர் எதுவும் சொல்லவில்லை.
தட்டைப் பார்த்தார், சாத்திய ஜன்னலைப் பார்த்தார்,
வால்துண்டை ஓரமாய் ஒதுக்கிவிட்டு
மீதியெல்லாம் தின்றார்.
ரொட்டி இன்னும் இருக்கிறதா என்றார்.
மூக்கு வழிந்தது.
மிளகு கூடிப்போச்சு, என்றேன்.

இன்று நீர் வந்து குடுவையைத் தூக்கினீர்.
நல்ல வைக்கோல் நிறம்,
எல்லாம் விதிப்படிதானே என்றீர்.
ஆமாம் என்றேன்.

காலைச் செபத்தில் பாதியிலேயே
அவருக்குக் குரல் கம்மிவிட்டதாம்.
அது மட்டும்
நீர் எழுதியபடியே.