இருபத்தெட்டு நாள்

தெலுக் இந்தானில் மிஸ்ஸி
ஊசியைக் காட்டிவிட்டுத்தான் போடுவாள்.
உள்ளே ஓர் அரிசி மணி.
உலை காணாத அரிசி.
தொப்புளுக்குக் கீழே நாலு விரல் தள்ளிப் புதைந்து
மாதம் முழுக்கக் கரையும்.
"மூச்ச இழுத்துக்கக்கா."
இழுத்துக்கொள்கிறேன்.
போன முறை இடது, இந்த முறை வலது.
அட்டையில் அடுத்த தேதி:
இருபத்தெட்டு நாள்.

முன்பும் அதே கணக்குத்தான்.
அப்போது யாரும் தேதி குறித்துத் தரவில்லை.
வரிசை எண் எடுக்கவில்லை,
ஊத்தான் மெலிந்தாங் பஸ்ஸுக்கு
வெயிலில் நிற்கவில்லை.
அதுவாக வரும்.
இப்போது நான் போகிறேன்.

எனக்கு முப்பத்தேழு.
மில் எடைமேடையில் பக்கத்து நாற்காலி காக் ரொஹானிக்கு ஐம்பத்து நான்கு.
குலை லாரி ஏறி நிற்கும் நேரம் பார்த்து
முதுகில் யாரோ தீக்குச்சி உரசுவார்கள்.
கழுத்துக்கு ஏறும், காதுக்கு, நெற்றிக்கு.
ஒரு நாள் பன்னிரண்டு டன்னை
நூற்றிருபது என்று அடித்துவிட்டேன்.
காக் ரொஹானி மேசை விசிறியை
ஒன்றும் சொல்லாமல் என் பக்கம் திருப்பினாள்.
பத்து நிமிடம் கழித்து நான் அவள் பக்கம்.
அவளுக்கு அது
வருடக்கணக்கில் மெல்ல ஏறிய வெயில்.
எனக்கு யாரோ சுவிட்சைத் தட்டினார்கள்.
"பானாஸ்?"
"பானாஸ்லா, காக்."
அதற்கு மேல் பேச்சில்லை.
எங்களுக்கு நடுவே இருந்த பதினேழு வருடத்தை
அந்த விசிறி
இப்படியும் அப்படியும் தலையாட்டித் தள்ளிவிட்டது.

கோயிலில் நாகரத்தினம் அக்கா காதருகே வந்தாள்.
"ஒனக்கு இனிமே அந்தத் தொந்தரவு இல்லல்ல?
பால்குடத்துக்குப் பேர் எழுதிக்கவா?"
எழுதிக்கச் சொன்னேன்.
இருபது வெள்ளி.
ரசீது கிழித்துக் கொடுத்தாள்.
சுத்தமாகிவிட்டேன், அத்தாட்சியோடு.

இரவு மூன்று மணிக்கு நனைந்து எழுகிறேன்.
தலையணையைத் திருப்பிப் போட்டும் ஆகாமல்
சிமெண்டுத் தரைக்கு இறங்கிவிடுகிறேன்.
பரஞ்சோதி தூக்கத்தில் கை நீட்டுவார்,
வெறும் மெத்தை.
கொஞ்ச நாள் கோபம்.
சாப்பாட்டுத் தட்டில் தெரிந்தது.
அப்புறம் ஒரு ராத்திரி
லாரியை நிறுத்திவிட்டு வந்தவர்
தானும் தரையில் படுத்தார்,
ஒரு கை தூரம் விட்டு.
அந்தத் தூரத்தை அவரே அளந்துகொண்டார்.
மிஸ்ஸி தாளில் எழுதித் தந்த களிம்பைப் பற்றி
நாங்கள் இன்னும் பேசவில்லை.
தாள் பீரோவில், மகனின் பிறப்புப் பத்திரத்துக்கு அடியில்.

படிவம் ஐந்து முடித்த வருடம்
மறுநடவுக் காட்டில் பூ ஒடிக்கப் போனேன்.
இடுப்பு உயரச் செம்பனை.
மட்டைக்கு நடுவில் முதல் பூ கிளம்பும்போதே
கொக்கியை விட்டுத் திருகி எடுக்கவேண்டும்.
மரத்துக்குப் பன்னிரண்டு காசு.
முள் கிழித்த கையோடு ஏன் என்று கேட்டதற்கு
மண்டோர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
"பூவுக்குப் போற சத்து தண்டுக்குப் போவணும்.
பேசாம ஒடி."
ஒடித்தேன். ஒரு நாளைக்கு நூற்றைம்பது.

ஈப்போ டாக்டரம்மா தாளில் படம் போட்டாள்.
மூளை, சினைப்பை, நடுவில் அம்புக்குறி,
அம்புக்குறிக்குக் குறுக்கே ஒரு கோடு.
எங்காவது ஒரு துளி நோய் ஒளிந்திருந்தால்
அதற்குத் தீனி போகக்கூடாது என்றாள்.
எனக்குப் பாதியிலேயே புரிந்துவிட்டது.
கொக்கி மட்டும்தான் கண்ணுக்குத் தெரியவில்லை.

அந்த மரங்களெல்லாம் அப்புறம் காய்த்தன, டாக்டர்.
வாய்வரை வந்தது.
அவள் கோட்டின் மேலேயே இன்னொரு கோடு
அழுத்திப் போட்டுக்கொண்டிருந்தாள்.
ஐந்து வருடம் என்றாள்.
அப்போது எனக்கு நாற்பத்திரண்டு.

அலமாரியில் இரண்டு பொட்டலம் மிச்சம் இருக்கிறது.
போன வாரம் மில்லுக்குப் புதிதாக வந்த லோகேஸ்வரி
வயிற்றைப் பிடித்துக்கொண்டு
"அக்கா, ஒங்ககிட்ட இருக்கா?" என்றாள்.
கைப்பையில் ஒன்று இருந்தது.
இத்தனை மாதமும்
ஏன் என்று என்னையே கேட்காமல்
சுமந்திருக்கிறேன்.
கொடுத்தேன். ஓடினாள்.

மறுநாள் காலை
அலமாரியிலிருந்து இன்னொன்றை எடுத்து
அதே இடத்தில் வைத்தேன்.