நுழைவுக் கட்டணம்: உரிமையாளர் பகுதி

மேசையில் ரசீதுப் புத்தகம்.
கடல் காற்றுக்குப் பறக்காதிருக்க
அதன்மேல் பழைய ஸ்பார்க் பிளக் ஒன்று.
"பார்வையாளருக்கு இருநூறு, அக்கா.
வாகனத்தோட வாறவைக்கு ஏழாயிரத்து ஐந்நூறு."

திரும்பிப் பார்த்தேன்.
மைதான வாசலில் என் மொரிஸ் மைனர்
என்வலப் மறந்து கல்யாண வீட்டுக்கு வந்தவள் போல
ஒரு பக்கம் சரிந்து நின்றது.
இடப்பக்க ஸ்பிரிங் போன ஆவணியில் உடைந்தது.

"சனம் காசு குடுத்துப் பார்க்க வாறது எதை, தம்பி?"
"காரை."
"அப்ப காருக்கு நீங்களெல்லோ தரவேணும்?"
பவித்திரன் என்று நெஞ்சில் குத்தியிருந்த பெடியன்
சிரித்தான். பிறகு, சிரித்தது பிழையோ என்று
செயலாளரைப் பார்த்தான்.
செயலாளர் மரியாம்பிள்ளை விளக்கினார்:
கூடாரம். காப்புறுதி. கிண்ணங்கள். ஒலிபெருக்கி.
உங்களுக்கு ஒரு தொப்பி, கண்ணாடியில் ஒட்ட ஒரு ஸ்டிக்கர்,
ஒருவருக்கான மதியச் சாப்பாடு.

நான் பெரியாஸ்பத்திரிக்கும் இரண்டு வங்கிகளுக்கும்
நாளாந்தம் சோற்றுப் பார்சல் கொண்டு போகிறவள்.
ஏழாயிரத்து ஐந்நூறு என் கணக்கில்
அறுபது பார்சலின் மிச்சம்.
அறுபதைக் கொடுத்து ஒன்றை வாங்குவதா?

சரி, படிவத்தையாவது பார்ப்போம்.
வாகனத்தின் வரலாறு, ஐம்பது சொற்களுக்குள்.
ஐம்பது.
தொண்ணூறாம் ஆண்டு ஓர்ஸ்ஹில் இறக்கத்தில்
எஞ்சினை நிறுத்தி, லைற்றை அணைத்து
சத்தமில்லாமல் உருட்டிக்கொண்டு போன இரவுக்கு
எத்தனை சொல்?
பின் சீற்றில் ஒன்பது பேர்.
கடல் ஊருக்குள் வந்துபோன மறுநாள்
டிக்கியைத் திறந்தால் உள்ளே உயிரோடு ஒரு நண்டு.
நண்டுக்கு ஒரு சொல் போதும்.

எழுதினேன்: ஓடுகிறது.
மீதி நாற்பத்தொன்பதையும் வெறுமையாக விட்டேன்.

கொழும்பிலிருந்து வந்த நடுவர்
வாசலிலேயே குந்தி இலக்கத் தகட்டைத் தடவினார்.
"அசல் தகடு. இதுக்கே பத்துப் புள்ளி.
நடுவில என்ன இந்தக் கறுப்பு?"
"தார்."
"ரோட்டுத் தாரா?"
"இல்லை, தூரிகைத் தார்.
ஐம்பத்தெட்டில் ஓர் எழுத்தின் மேல் பூசினது."
யார் கை பூசியதென்று எனக்கும் தெரியாது.
எனக்கு விற்றவருக்கும் தெரியாது.
"பெற்றோல் போட்டுத் துடைச்சாப் போகும், மிஸ்,
புள்ளி குறையாது," என்றார், அன்பாகத்தான்.
வயது முப்பதிருக்கும்.
அந்த எழுத்தை அவருக்கு
இலவசமாகவே விளக்கியிருக்கலாம்.
பசி நேரம். விட்டுவிட்டேன்.

வேலிக்கு வெளியே, வாகை நிழலில் நிறுத்தி
டிக்கியைத் திறந்தேன். சூரைக் குழம்பு மணத்தது.
உள்ளே, கட்டணம் கட்டிய முப்பத்தொரு பேர்
தங்கள் கார்களை விட்டு நகர முடியாமல் நின்றார்கள்,
பெடியள் பொனற்றில் ஏறிவிடுவார்கள் என்ற பயத்தில்.
ஐஸ் லொறி விற்ற காசில்
ஒஸ்ரினுக்குப் பெயின்ற் அடித்த கிண்ணியா மஸாஹிர்
கம்பிக்குள்ளால் கையை நீட்டினார்:
"ரெண்டு தாங்க தங்கச்சி.
அவங்கட பார்சல்ல மீனே இல்ல."

இரண்டு மணிக்குள் நாற்பத்திரண்டு போயிற்று.
மூன்று மணிக்குப் பொலிஸ் வந்தது.
நிறுத்தக்கூடாத இடத்தில் நிறுத்தியதற்கு ஆயிரம்.
சீட்டை வாங்கி, ஸ்டிக்கர் ஒட்டியிருக்க வேண்டிய இடத்தில்
வைப்பருக்கடியில் செருகினேன்.
இதுவும் ஒரு கட்டணம்தான். மலிவு வகுப்பு.

கோட்டைப் பக்கமிருந்து வந்த இரண்டு மான்கள்
யாரும் மறிக்காமல் வாசலைக் கடந்து
ஒரு ஜகுவாரின் குரோமில் முகம் பார்த்து நின்றன.
பவித்திரன் ரசீதுப் புத்தகத்தோடு பின்னால் ஓடினான்,
விரட்டவா, எழுதவா என்று தெரியாமல்.

நான் ஏறி ஸ்ராட்டர் குமிழை இழுத்தேன்.
இருமியது.
திரும்ப இழுத்தேன். வேலிக்குள் நின்ற முப்பத்தொரு பேரும்
இப்போது என்னைத்தான் பார்த்தார்கள்.
எழுதிக் கொடுத்தது ஒரேயொரு சொல்.
நாலாம் இழுப்பில்
அது அதைக் காப்பாற்றியது.